கொஞ்சம் தள்ளிப் பாருங்க

மொட்டைமாடிக் குடும்பம்: அத்தியாயம் பதினாலு

கிரேன்காரியைக் கேபினிலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை. வாசகர்களில் சிலருக்கும் அப்படித்தான் என்று கேள்வி.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறவள் அவள். வருடா வருடம் நடக்கும் கண் பரிசோதனைக்குப் போனாள். இருட்டறையில் மங்கலான எழுத்துகளைக் காட்டினார்கள். சரியாகத்தான் படித்தாள். ஆனால் பரிசோதகர் அவள் படித்ததைக் கேட்டதோடு விடாமல் அவள் கண்ணையும் கவனித்துவிட்டார். பார்வை எழுத்தின்மேல் நிற்கவில்லை, பக்கத்தில் போய் நிற்கிறது, நடுப்பார்வையில் கோளாறு இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். பெரிய டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை கேபினில் ஏறக் கூடாது என்றார்கள். வாசலில் நின்று கன்டெய்னர் நம்பர் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

வேறொருத்தியாக இருந்தால், போகட்டும் என்று தட்டிவிட்டுப் போயிருப்பாள். இவளால் முடியவில்லை. இவளுடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் போனது அந்த நடுப்பார்வைதான். யாரோடு பேசினாலும் அவர்களுடைய காதைப் பார்த்துப் பேசுவாள். நேராகப் பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் ஒன்றும் இருக்காது, ஓரமாகப் பார்த்தால்தான் யாரென்று தெரியும்.

அம்மா காதைப் பார்த்தாள், மகள் எழுத்துக்குப் பக்கத்தைப் பார்க்கிறாள். இதற்குமேல் அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்குத்தான் பெரிய டாக்டர் வரச் சொன்ன நாள்.

*

காலையில் டெய்லர் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். டெய்லர் என்பது கிரேன்காரியின் வீட்டுக்காரர். தைப்பதற்குத் துணி எதுவும் இல்லை. கை சும்மா இருந்தால் மனசு கண்டபடி ஓடுகிறது என்று கோப்பதும் உருவுவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் முதல் முயற்சியிலேயே நூல் உள்ளே போயிற்று. கண் விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கிரேன்காரி சுவர் காலண்டருக்கு முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு அடுத்த கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"எத்தனை தடவைதான் பார்ப்பே? தேதி மாறவா போகுது?" என்றார் டெய்லர்.

"நேராத்தான் பாக்கறேன். நல்லாத்தான் தெரியுது. அங்கே மட்டும் ஏன் அப்படிப் பார்த்தேன்னு எனக்கே தெரியலைங்க. நான் ஓரமாப் பார்த்தேங்கறதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

டெய்லர் கோத்த நூலை உருவிவிட்டார். மாமியாரும் ஆரம்பத்தில் இதையேதான் சொன்னாள்.

போன் அடித்தபடி இருந்தது. எல்லாம் சங்கத்துக்காரர்கள். சங்கம் என்றால் கட்டடமோ பலகையோ கிடையாது. வானம் பார்க்கும் பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேருக்கு இந்த வீட்டு மொட்டைமாடிதான் ஆபீஸ். பகல் முழுக்கச் சின்னச் சின்ன வாய்களுக்குள் எட்டிப் பார்த்து அலுத்துப்போய், சுவரே இல்லாத எதையாவது பார்க்க வேண்டும் என்று வந்து சேர்ந்த பல் டாக்டர் ஒருவர். கழித்துப்போட்ட லிப்டின் பேரிங்கைக் கொண்டுவந்து டெலஸ்கோப்புக்குச் சுழலும் மேடை செய்து கொடுத்த லிப்ட் மெக்கானிக் ஒருவர். ஒரே ஒரு நட்சத்திரம் மங்குவதையும் பிரகாசிப்பதையும் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து, 'தாளம் தப்பாத புள்ளை' என்று அதை மெச்சிக்கொள்ளும் பாட்டு டீச்சர் ஒருத்தி.

பல் டாக்டர், "பயப்படாதீங்கம்மா, வலிக்கவே வலிக்காது" என்றார். வாய்ப் பழக்கம்.

லிப்ட் மெக்கானிக், "நடுவுல நின்னாலும் விழாதும்மா, அதுக்குத்தான் பிரேக் இருக்கு" என்று ஆறுதல் சொன்னார். எதற்குப் பிரேக் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

பாட்டு டீச்சர் மட்டும், "நீ வரலைன்னா எனக்கு அந்த மாடியில யாரோடயும் சண்டை போட முடியாதுடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதைக் கேட்டதும்தான் கிரேன்காரிக்குக் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பன்னு வந்து நின்றான். கிரேன்காரியின் தம்பி. பேக்கரியில் மாவு பிசைகிறவன், அதனால் அந்தப் பெயர். விடியுமுன் அடுப்பு மூட்டப் போகிறவன் என்பதால் அக்காவைவிட அதிகமாக வானம் பார்த்தவன். அந்த டெலஸ்கோப்பே அக்காவும் தம்பியும் சேர்ந்து, கண்ணாடியைக் கையால் தேய்த்துத் தேய்த்துச் செய்ததுதான்.

ரொட்டிப் பையை மேஜைமேல் வைத்தான். "மாமா, ஒரு நிமிஷம்" என்று டெய்லரை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அந்த மலைமேல பெரிய டெலஸ்கோப் வெச்சிருக்காங்களே, அங்கே கேன்டீனுக்கு ஆள் கேட்டிருந்தாங்கன்னு சொன்னேன்ல? என்னை எடுத்துட்டாங்க மாமா. சமையல் வேலைதான். ஆனா வேலை முடிஞ்சா அவங்க டெலஸ்கோப்புகிட்ட போய் நிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வர்றேன், இல்லைன்னு சொல்லணும்."

டெய்லருக்குச் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவளை நினைத்தால் சந்தோஷம் எங்கிருந்து வரும்?

"அக்காவுக்கு இந்த நிலைமையில எப்படி மாமா சொல்றது? நானும் போயிட்டா அவளோட சேர்ந்து பாக்க யாரு இருக்கா?"

"ஏன், நான் இல்லையா?" என்றார் டெய்லர், ரோஷமாக.

பன்னு அவரைப் பார்த்துச் சிரித்தான். மரியாதையான சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு.

"மச்சான், இன்னிக்கு மட்டும் நீ வாயைத் திறந்தே, உன் அடுப்புலயே உன்னை வெச்சுச் சுட்டுடுவேன். டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பாப்போம். சாயங்காலம் வா."

*

பெரிய டாக்டர் என்று சொன்னார்களே தவிர, வயதில் சின்னவர், பேச்சில் சிக்கனம். பழைய குறிப்பைப் படித்தார். "உங்க குடும்பத்துல யாருக்காவது?" என்று கேட்டார். கிரேன்காரி அம்மாவைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். அப்படித் தலையாட்டுகிற டாக்டர்களைக் கண்டால் டெய்லருக்கு ஆகாது.

முதலில் ஒரு மெஷினில் முகவாயை வைக்கச் சொல்லிக் கண்ணின் உள்பக்கத்தைப் படம் எடுத்தார்கள். பிறகு விளக்கை அணைத்தார்கள். எதிர்ச்சுவரில் மங்கலாக ஓர் எழுத்து வந்தது. டெய்லர் மனைவியை ஒட்டினாற்போல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நேராப் பாருங்கம்மா. என்ன எழுத்து?"

கிரேன்காரி சொன்னாள். சரியான பதில்தான். ஆனால் டாக்டர் கையிலிருந்த சின்ன விளக்கின் வெளிச்சத்தில் டெய்லருக்கே தெரிந்தது. மனைவியின் கண் எழுத்தில் இல்லை. கொஞ்சம் இடப்பக்கம், சுவரில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் நின்றது.

"அடுத்தது?"

மறுபடியும் அப்படியே. பதில் சரி, பார்வை வேறு இடத்தில்.

டெய்லருக்கு மாமியார் ஞாபகம் வந்தது. இனி இவளும் என் காதைப் பார்த்துத்தான் பேசுவாளா என்று நினைத்தார். கேபின் போனால் போகட்டும், வேலை வேறு கிடைக்கும். ராத்திரியானால் சின்னப் பிள்ளைபோல மாடிப்படி ஏறி ஓடுவாளே, அது போய்விட்டால் இவள் என்ன ஆவாள்?

டாக்டர் படங்களை விரித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். புருவத்தைச் சொறிந்துகொண்டார்.

"எனக்கு ஒண்ணு புரியலை. படத்துல ஒரு குறையும் இல்லை. நடுப்பகுதி ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இவங்க நடுப்பார்வை இல்லாதவங்க மாதிரியே பக்கத்துல பாக்கறாங்க. ஏம்மா அங்கே பாக்கறீங்க?"

"எங்கே பார்த்தேன் டாக்டர்?"

"எழுத்துக்குப் பக்கத்துல."

"அப்படிப் பார்த்தாத்தானே தெரியும்?" என்றாள் கிரேன்காரி, உண்மையிலேயே குழம்பிப்போய்.

ஸ்டூலில் இருந்த டெய்லர் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

"டாக்டர்! விளக்கைப் போடுங்க! விளக்கைப் போட்டுட்டுக் கேளுங்க!"

"என்னங்க, கத்தாதீங்க."

"நீ சும்மா இரு. டாக்டர், இவ வானம் பாக்கறவ. கல்யாணம் ஆன நாள்லேருந்து என் காதுல ஓதறது இந்த ஒரே மந்திரம்தான். மங்கலா இருக்கறதை நேராப் பாக்காதீங்க, கொஞ்சம் தள்ளிப் பாருங்க, அப்பதான் தெரியும்னு. எத்தனை தடவை! கொஞ்சம் தள்ளிப் பாருங்க, கொஞ்சம் தள்ளிப் பாருங்க! நீங்க லைட்டை அணைச்சுட்டு மங்கலா ஒண்ணைக் காட்டினா, அவ கண்ணு வேற எங்கே போகும்?"

டாக்டர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு எழுந்து போய் விளக்கைப் போட்டார். பெரிய எழுத்துப் பலகையைக் காட்டினார்.

"கடைசி வரியைப் படிங்க."

கிரேன்காரி மளமளவென்று படித்தாள். கண் எழுத்தின்மேலேயே இருந்தது, ஆணி அடித்தாற்போல.

விளக்கை அணைத்தார். "இப்போ, தெரிஞ்சாலும் தெரியாட்டியும் நேரா மட்டும் பாருங்க."

"நேராப் பார்த்தா மங்கலாப் போகுது டாக்டர்."

"எனக்கும் மங்கலாத்தான் போகுது. எல்லாருக்கும் அப்படித்தான். இருட்டுல நடுக்கண்ணுக்கு சூட்டிகை கம்மி, ஓரக்கண்ணுக்கு ஜாஸ்தி." டாக்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நாங்க இதைப் படிச்சு பாஸ் பண்ணினோம். நீங்க பழகியே கண்ணுக்கு ஏத்திட்டீங்க. அங்கே சோதிச்சவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது. நடு போனவங்களும் இப்படித்தான் பாப்பாங்க. உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லைம்மா. எதையும் விட வேண்டாம்னு சொட்டு மருந்து போட்டு முழுசா ஒரு தடவை பார்த்துடறேன். ஆனா எனக்கு சந்தேகம் இல்லை."

சொட்டு மருந்து போட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடிய கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. மருந்தா மற்றதா என்று டெய்லரும் கேட்கவில்லை. அவருடைய கண்ணும் அந்த நேரத்தில் யோக்கியமாக இல்லை.

*

மருந்து வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும். மனப்பாரம் இறங்கியவர்கள் பேசாமல் இருப்பதில்லை. டெய்லர் பேசினார்.

"நான்கூட அவ சொன்னபடி தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கேன் டாக்டர். கழுத்துதான் வலிச்சுது."

"தெரிஞ்சுதா?" என்றார் டாக்டர்.

"எது?"

"நீங்க பார்த்தது."

டெய்லர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "தெரிஞ்சுது, தெரிஞ்சுது. ஏதோ தெரிஞ்சுது."

"அவருக்கு என்ன டாக்டர், நல்லாத் தெரியும்" என்றாள் கிரேன்காரி கண்ணை மூடியபடியே. "இந்த வயசுலயும் ஒரே தடவையில ஊசியில நூல் கோப்பார்."

டாக்டர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. டெய்லர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடிகாரத்துல மணி என்னன்னு சொல்லுங்க."

"எந்தக் கடிகாரம்?" என்றார் டெய்லர்.

வெளியே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள்.

"இந்த நாற்காலிக்கு வாங்க" என்றார் டாக்டர்.

கிரேன்காரியால் கண்ணைத் திறக்க முடியாது. காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல் வரி?"

"இருங்க, இருங்க... அது வரியா?"

"ஒரே ஒரு எழுத்து. இருக்கறதிலேயே பெருசு."

"ஓ. நான் ஏதோ ஈரம் பட்ட கறைன்னு நினைச்சேன்."

உலோகச் சட்டம் ஒன்றை மாட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடி வில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் விழும் சத்தம் கேட்டது. இப்போ? இப்போ பரவாயில்லையா? இதா, அதா? பிறகு டெய்லரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"என்னங்க?" என்றாள் கிரேன்காரி.

"ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்து வாசல்ல ஒருத்தர் நிக்கறார்." டெய்லரின் குரல் வேறு மாதிரி இருந்தது. "அவர் சட்டைக் காலரை எவனோ கோணலாத் தெச்சிருக்கான். இங்கேருந்து தெரியுது."

அதுவரை தெருவில் வருகிறவர்களைத் தோள்பட்டையையும் நடையையும் வைத்தே அவர் அடையாளம் கண்டுகொண்டிருந்தார். டெய்லர் அல்லவா, தொழில் திறமை என்று ஊரும் நினைத்தது, அவரும் நினைத்தார். கிட்டத்தில் ஊசிக்காது தெரிகிறவனுக்குத் தூரத்தில் என்ன தெரியாமல் போய்விடும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

டாக்டர் கடைசியாகக் கிரேன்காரியின் கண்களை முழுசாகப் பார்த்தார். "சுத்தம்" என்றார். துறைமுகத்துக்கு அப்போதே போன் போட்டு, விளக்கிச் சொல்லி, எழுதியும் அனுப்பினார். டெய்லருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். தயாராக ஒரு வாரம் ஆகுமாம்.

படி இறங்கும்போதே மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில ஏறிடும்மா. உன் இடத்துல ஏறினவன் பெட்டியை இறக்கி வைக்கறதுக்குள்ள எங்களுக்கு உசிரு போயிட்டு வருது."

நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டெய்லரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே ஏறுகிறவர்கள் ஒதுங்கி ஏறினார்கள்.

*

பஸ்ஸில் கிரேன்காரி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தாள், மருந்தின் கூச்சம் போகவில்லை. முகத்தில் என்ன இருக்கிறது என்று டெய்லருக்குத் தெரியவில்லை.

"இத்தனை வருஷமா மாடியில என்னத்தைப் பார்த்தீங்க?"

வந்துவிட்டது. டெய்லர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சனியோட வளையம் தெரியுதான்னு கேட்டா, ஆஹாம்பீங்க. நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினா, அடேயப்பாம்பீங்க. எல்லாம் புளுகா?"

"புளுகுன்னு சொல்லாதே. ஏதோ வெளுப்பா, பஞ்சு மாதிரி ஒண்ணு தெரியும். எல்லாருக்கும் அதுதான் தெரியுதுன்னு நினைச்சேன். இந்தப் பஞ்சுக்கா இத்தனை பேர் இப்படித் துள்றாங்கன்னு தோணும். சொன்னா உனக்கு வருத்தமா இருக்குமேன்னு நானும் துள்ளினேன்."

"பனியில, குளிர்ல, எனக்குத் துணையா விடியவிடிய உக்காந்தீங்களே. ஒண்ணுமே தெரியாமயா?"

"ஒண்ணுமே தெரியலைன்னு யாரு சொன்னா? நீ பக்கத்துல இருந்தே. கிட்டத்துல இருக்கறது எனக்கு நல்லாவே தெரியும்."

கிரேன்காரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கூச்சத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு அவர் கையில் நறுக்கென்று கிள்ளினாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு டெய்லர் கத்தினார்.

*

சாயங்காலம் வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. கிழக்கே சனி மட்டும் எழும்பி நின்றது. கிரேன்காரி அதற்கு நேராக டெலஸ்கோப்பைத் திருப்பினாள். லிப்டின் பேரிங் வழுக்கிக்கொண்டு நின்றது.

பழக்கப்படி கண்ணை வைத்து, பக்கத்திலிருந்த திருகைத் தன் கண்ணுக்குத் தகுந்தபடி திருகப் போனாள். கை பாதியில் நின்றது.

கல்யாணம் ஆன புதிதில் அவர் ஒரே ஒரு தடவை அந்தத் திருகில் கை வைத்தார். 'ஐயோ, தொடாதீங்க, கலைஞ்சுடும்' என்று கையைத் தட்டிவிட்டவள் இவள்தான். அதற்குப் பிறகு அவர் தொட்டதில்லை. இவள் கண்ணுக்குச் சரியாக வைத்ததை, இவள் கண்ணுக்குச் சரியாக இருந்தபடியே பார்த்துவிட்டு, ஆஹா என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். தூரப்பார்வை குறைந்தவருக்கும் கண்ணாடி இல்லாமலே தெரியும்படி அந்தத் திருகைத் திருகிக்கொள்ளலாம் என்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள், கட்டினவருக்குச் சொல்லவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இங்கே வாங்க."

அவர் குனிந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்துத் திருகின்மேல் வைத்தாள்.

"தொடலாமா?"

"திருகுங்க. மெதுவா. உங்களுக்கு எப்போ சரியா வருதோ அப்போ நிறுத்துங்க."

டெய்லர் திருகினார். தையல் மெஷினில் நூல் இறுக்கத்தைச் சரிபார்க்கிற விரல்கள், அவசரப்படவில்லை. முதலில் வழக்கமான பஞ்சு. பிறகு பஞ்சு சுருங்கியது. இன்னும் சுருங்கி ஒரு முட்டையானது. இன்னும் ஒரு மயிரளவு.

கை நின்றுவிட்டது.

சின்னதாக, கூர்மையாக, நடு உருண்டையைத் தொடாமல் சுற்றி நிற்கும் வளையத்தோடு, யாரோ பொத்தான் தைத்து வைத்த மாதிரி அது அங்கே இருந்தது.

டெய்லர் மூச்சு விடவில்லை. கிரேன்காரியும் விடவில்லை.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுமா?" என்று கேட்டார்.

"இப்படித்தாங்க."

"அட, பாவி மக்களா" என்றார் டெய்லர். "நீங்க துள்ளினது போதாதுடி."

அவள் சிரித்தாள். இந்த ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்தவள் அப்படியே அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவர் நகரவில்லை, கண்ணை எடுக்கவும் இல்லை.

"இனிமே என்கிட்ட ஒளிச்சு வெச்சிருக்கறது வேற ஏதாவது இருக்கா?" என்றாள், முதுகில் முகத்தைப் புதைத்தபடியே. "இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னிக்கு எனக்கு எதைக் கேட்டாலும் கோபம் வராது."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. புதிதாய்ச் சுட்ட ரொட்டி வாசனை முதலில் வந்தது, பின்னாலேயே பன்னுவின் தலை எட்டிப் பார்த்தது. கையில் போன். முகத்தில், பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்ட மனுஷனின் பதைப்பு.

"அக்கா... மாமா சொன்னாரா?"

முதுகிலிருந்து நெற்றி மெல்ல விலகுவது டெய்லருக்குத் தெரிந்தது.

"என்ன சொல்லணும்?" என்றாள் கிரேன்காரி.

டெய்லர் டெலஸ்கோப்பில் கண்ணை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"நீ சொல்லு மச்சான், பயப்படாம சொல்லு" என்றார். "இங்கே நான் பார்த்துக்கறேன். இப்போ எனக்குத் தெரியுது."